மச்சான் பிடித்த கயிறு

உலகப் பெரிய சண்டை முடிந்த மறுவருசம் தூத்துக்குடிக்கு ஒரு துரை வந்து இறங்கினார், மக்கா. டென்மார்க்காரர். அவர் ஊரில் பெரிய தத்துவ வாத்தியாராம். நம்ம ஊரில் எதைப் பார்த்தாலும் அவருக்கு மெய் சிலிர்த்துவிடும். காயப்போட்ட கருவாட்டைக் காக்கா தூக்கிப்போனால்கூட, "பறவைக்கும் பங்கு வைக்கிற ஜனங்கள்" என்று தொப்பியைக் கழற்றுவார். அதையெல்லாம் தமிழில் சொல்லிச் சொல்லியே சாயர்புரத்து ஞானையா வாத்தியாருக்குத் தொண்டை கட்டிப்போச்சு.

சங்கு குளிக்கிற தொம்மையின் பெண்சாதி லூர்தம்மாளுக்கு இதை ரசிக்க மனசில்லை. கடலில் முங்குகிறவனை மேலே இழுக்கிற கயிற்றைத் தோணியிலிருந்து மச்சான்தான் பிடிக்கணும். கூடப்பிறந்தவள் தாலிக்குப் பயந்தவன் கயிற்றை விடமாட்டான் அல்லவா? அப்படிப் பிடித்துவந்த அவள் தம்பி சவேரியானுக்கும் தொம்மைக்கும் இப்போது பேச்சுவார்த்தை இல்லை. மகள் கோயிலில் முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்தில், மச்சானுக்கு வைக்கவேண்டிய சீலாமீன் தலையைத் தொம்மை மறதியாய் வேறொருத்தர் இலையில் வைத்துவிட்டான்.

"நாளைக்குக் கயித்தப் பிடிக்கக் கூலிக்கு ஒருத்தன் வாரான்" என்றான் தொம்மை.

 லூர்தம்மாள் நேரே துரையிடம் போய் மச்சான் வழக்கத்தைச் சொல்லி, "நாளைக்கு எங்க தோணியில வந்து பாருங்கய்யா" என்றாள்.

ஞானையா அவள் காதைக் கடித்தார். "ஏளா, அவனுவ மூஞ்சியத் திருப்பிக்கிட்டுல்லா திரியுதானுவ?"

"நான் சொன்னத மட்டும் சொல்லுங்க அண்ணாச்சி."

கேட்டதும் துரைக்குக் கண் நிறைந்துவிட்டது. "எங்கள் நாட்டில் உயிருக்கு இன்சூரன்ஸ் எடுப்போம். நீங்கள் மைத்துனனை எடுத்திருக்கிறீர்கள்."

விடிந்ததும் துரை கடற்கரையில் மச்சான் யாரென்று விசாரித்து, வலை உலர்த்திக்கொண்டிருந்த சவேரியானின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஊரே பார்த்து நிற்கிறது. 'நான் பிடிக்க மாட்டேன்' என்று எப்படிச் சொல்வான்? துரையோடும் ஞானையாவோடும் உம்மென்று தோணியில் ஏறினான். கூலிக்காரன் இறங்கிக்கொண்டான். தொம்மை வானத்தைப் பார்த்தான்.

லூர்தம்மாள் செபமாலையோடு கரையில் உட்கார்ந்திருந்தாள். வீம்புக்குப் பிடிக்கிற கையில் கவனம் இருக்குமா என்று அவளுக்கு ஒரே பதைப்பு.

உச்சி சாய்ந்து தோணி திரும்பியது. முதலில் குதித்தவர் துரைதான். அவர் சொன்னதை ஞானையா கடலைப் பார்த்தபடியே சொன்னார்: "உங்க வீட்டுக்காரர் மேல வந்ததும் தம்பி ஒரு ஜெபம் சொன்னாராம். ரொம்பப் புனிதம், அர்த்தம் சொல்லக்கூடாதுன்னு நான் சொல்லிட்டேன். அதனால மனப்பாடம் பண்ணிட்டாராம்."

துரை தொப்பியைக் கழற்றி, கைகூப்பி, கண்ணை மூடி ஒப்பித்தார்.

"என்ன மச்சான், எருமையாட்டம் கனக்கீரு. மீன் தலையெல்லாம் நீரே தின்னா கயிறு தாங்குமாவே?"

தோணியில் இரண்டு ஆம்பிளைகள் ஒருத்தன் தோளில் ஒருத்தன் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

லூர்தம்மாள் முந்தானையால் வாயைப் பொத்தி, "ஆமென்" என்றாள். துரையும் சொன்னார்.

பிறகு சீலாமீன் வாங்கப் போனாள், தலை பெரிசாய்ப் பார்த்து.