வ்ரூமன் கொட்டகை நின்ற இடம்

ஸ்கோஹாரி பள்ளத்தாக்கில் எல்வுட் வ்ரூமனின் மரக் கொட்டகையைப் பிரித்து எடுத்துப் போன பிறகும், அது நின்ற இடத்தில் மழை விழவில்லை. சுற்றிலும் சோளக்கொல்லை சேறாகிக் கிடக்க, கொட்டகையின் நீள அகலத்துக்கு மட்டும் மண் புழுதியாகவே இருந்தது. முதல் மழைக்கு வேடிக்கை பார்க்க வந்தவர்கள், அடுத்த மழைக்கு டிராக்டர்களைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

விற்றவர் எல்வுட்தான். மகன் கர்ட் வைக்கோல் பரணிலிருந்து விழுந்து அங்கேயே செத்துப்போனான். அதன் பிறகு எல்வுட் சாப்பிட உட்கார்ந்தால்கூடக் கொட்டகைக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார். மனைவி வெர்னாவோ தினமும் பரணேறி, பையன் கடைசியாகப் படுத்திருந்த வைக்கோலில் போய் உட்கார்ந்துகொள்வாள். அக்காவின் அறுவைச் சிகிச்சைக்காக அவள் ஆல்பனி போயிருந்த வாரத்தில், பழைய கொட்டகைகளை வாங்கிப் புதுப்பிக்கிற ஆட்கள் வந்தார்கள். மரத்தோடு மரத்தைப் பிணைத்திருந்த ஓக் மர முளைகளைத் தட்டிக் கழற்றி, உத்திரங்களுக்கு எண் போட்டு லாரியில் ஏற்றினார்கள். ஓர் ஆணிகூட இல்லையே என்று மெச்சிக்கொண்டார்கள். திரும்பி வந்த வெர்னா காரிலிருந்து இறங்கவே இல்லை.

"அவன எங்க அனுப்புன, எல்வுட்?"

"கொட்டகையத்தான் குடுத்தேன். என்னால பாக்க முடியல, வெர்னா."

"பாக்க முடியலன்னா கண்ண வித்திருக்கலாமே."

கொட்டகை ஹட்சன் ஆற்றோரம் கல்யாண மண்டபமாக எழும்பியது. பரண் உத்திரத்தில் சரவிளக்கு தொங்கியது. அதன் கீழே மணமக்கள் முத்தமிட்டார்கள். பார்க்க முடியாத எல்வுட்டுக்குப் பார்க்காமலும் இருக்க முடியவில்லை. வருஷம் திரும்புவதற்குள் அங்கேயே கார் நிறுத்தும் வேலைக்குச் சேர்ந்தார். விருந்தினர்கள் போன பிறகு அந்த உத்திரத்துக்கு அடியில் மட்டும் வேறு யாரையும் பெருக்க விடமாட்டார்.

வெர்னா மழையில்லாத இடத்தில் நாற்காலி போட்டுக்கொண்டாள். குளிர்காலத்தில் பனி அவள் தலைக்கு மேலே அந்தரத்தில் சரிவாகக் குவிந்து, மார்ச் மாதத்தில் இருபுறமும் தொப்பென்று வழுக்கி விழுந்தது. அண்டைவீட்டுக்காரர்கள் வைக்கோல் அடுக்கிக்கொள்ள அனுமதி கேட்டார்கள். பையன் விழுந்த இடத்தை விட்டுவிட்டு அடுக்கச் சொன்னாள்.

சில வருஷம் கழித்து, ஓர் அக்டோபர் அடைமழையில் எல்வுட் வந்தார். உள்ளே வெர்னாவும், இரண்டு பசுக்களோடு ஒதுங்கியிருந்த பக்கத்துப் பண்ணை மெர்ல் பெக்கரும் இருந்தார்கள். எல்வுட் கதவு இருந்த பக்கம் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். தலையிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"வெர்னா, உள்ள வரட்டுமா?"

அவள் பின்னிக்கொண்டிருந்த ஸ்வெட்டரிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"பூட்டியிருக்கு."

அவர் கையை நீட்டினார். கை காற்றில் முட்டி நின்றது. கொஞ்ச நேரம் உள்ளங்கையை அங்கேயே வைத்திருந்தார். பிறகு தன் வண்டிக்கு நடந்தார்.

சாரல் வராமலிருக்க வேண்டுமே என்று மெர்ல் எழுந்து போய், கதவு இருந்த இடத்தை ஒருமுறை தள்ளிப் பார்த்தார். நன்றாகத்தான் சாத்தியிருந்தது.