ஜெப நேரத்து நடை

நர்ஸ் மாத்திலதா என் புஜத்தில் ரத்த அழுத்தப் பட்டையை மூன்று தடவை கட்டி அவிழ்த்தாள். மூன்றாவது தடவையும் அதே எண்தான் வந்திருக்க வேண்டும். அட்டையில் எழுதிவிட்டு, தலையைத் தூக்காமலே என் வயதைக் கேட்டாள். நாற்பத்தொன்பது என்றேன். அண்ணன் அலேகி எத்தனை வயதில் போனார் என்று கேட்டாள். ஐம்பது. எங்கள் தீவின் ஆப்பியா துறைமுகத்தில் அரிசி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர், மூச்சு வாங்குகிறது என்று உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. நானும் அங்கேதான் மூட்டை இறக்குகிறேன்.

நாள் முழுக்கச் சுமக்கிற உடம்புக்கு என்ன வரப்போகிறது என்று கேட்டேன். சுமந்துவிட்டு என்ன தின்கிறாய் என்று திருப்பிக் கேட்டாள். சொன்னேன்: வான்கோழி வால், டின் மாட்டுக்கறி, தேங்காய்ப்பாலில் வேகவைத்த சேப்பங்கிழங்கு, சர்க்கரை போட்ட கோகோ, மேலே இரண்டு சிகரெட். அவள் சிரிக்கவில்லை. டின் கறியையும் வாலையும் விடு, உப்பைக் குறை, சிகரெட்டை இன்றைக்கே நிறுத்து, தினமும் அரைமணி நேரம் வேகமாக நட என்றாள். மூன்று மாதம் கெடு. இறங்காவிட்டால் மாத்திரை.

பெஞ்சாதி லாங்கியிடம் மட்டும் சொன்னேன். ஊருக்குத் தெரிந்தால் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பெயரைச் சொல்லி ஜெபம் பண்ணுவார்கள். அப்படி ஜெபம் பண்ணப்பட்டவர்களில் பாதிப் பேரை நானே குழிக்குச் சுமந்திருக்கிறேன்.

சிகரெட்டை விட்டதும் கைக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. பஸ்ஸில் உட்கார்ந்தால் விரல் தானாகப் போய் மணிக்கட்டில் நாடியைத் தேடும். படுத்தால் காதுக்குள் இதயம் அடிக்கும். ஒரு துடிப்பு தப்பினால் எழுந்து உட்கார்ந்துகொள்வேன்.

விடிவதற்கு முன்னால் நடக்கலாம் என்றால் நாய்கள் விடாது. ஐந்து மணிக்கு வேலைக்குப் பஸ் வேறு. ஆகவே மாலை ஜெபம் முடிந்ததும் கிளம்பினேன். அதுதான் தப்பு. எங்கள் ஊரில் ஜெபம் முடிந்தால் சாப்பாடு. வீடுகளுக்குச் சுவர் கிடையாது; தெருவில் போகிறவனைக் கூப்பிடாமல் யாரும் சாப்பாட்டில் கை வைப்பதில்லை. முதல் வீடு தௌசியுடையது. அவரும் துறைமுகத்தில் என்னோடு சுமப்பவர்.

"பெசாமினோ, வாப்பா, ஒரு வாய் சாப்ட்டுப் போ" என்றார்.

சாப்பிட்டாயிற்று என்றால், அப்படியென்றால் கோகோ குடி என்பார்கள். அதுவும் வேண்டாம் என்றால், அண்ணன் செத்ததிலிருந்து இவன் யாரோடும் ஒட்டுவதில்லை என்று பேச்சு வரும். தௌசி வீட்டில் வால், அடுத்த வீட்டில் கிழங்கு, கோயில் பக்கத்தில் டின் கறி. ஒரு மாதம் விடாமல் நடந்தேன். எடை மூன்று கிலோ ஏறியிருந்தது.

"நீ நடக்கப் போறியா, விருந்துக்குப் போறியா?" என்று லாங்கி சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

வீட்டைச் சுற்றியே நடந்து பார்த்தேன். பத்தாவது சுற்றில் பக்கத்து வீட்டார் டார்ச் விளக்கோடு வந்து, எதைத் தொலைத்தாய் என்று கூடவே குனிந்து தேட ஆரம்பித்தார்கள். மோதிரம் என்று சொல்லிவிட்டேன். இல்லாத மோதிரத்தை எல்லோருமாக ஒரு மணி நேரம் தேடினோம்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. பொழுது சாயும்போது கோயிலில் முதல் மணி அடித்தால் எல்லோரும் வீடு சேர வேண்டும். இரண்டாவது மணிக்கு ஜெபம். மூன்றாவது மணி அடிக்கும்வரை தெருவில் ஒருவரும் நடமாடக்கூடாது. ஆளுக்கொரு நாள் முறை வைத்துக் காவல் நிற்பார்கள்; மீறினால் ஊர்ச்சபை அபராதம் போடும். முதல் மணிக்கும் மூன்றாவதற்கும் நடுவே அரைமணி நேரம். என்னைக் கூப்பிட ஒரு வாய் இருக்காது. எனக்கு வயிற்றுப்போக்கு என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு லாங்கி ஜெபத்தை நடத்த, நான் கடற்கரைப் பாதையில் ஈரப்பலா மரங்களுக்குப் பின்னால் ஒளிந்து ஒளிந்து நடந்தேன். திருடனைப் போலத்தான் இருந்தது. ஆனாலும் மூன்று நாள் நடந்தேன்.

நான்காம் நாள் காவல் முறை தௌசிக்கு. கையில் கம்போடு பாதையின் குறுக்கே நின்றார். என்னைப் பார்த்ததும் அவருக்குத்தான் வேர்த்தது.

திங்கட்கிழமை சபையில் ஒரு பெட்டி டின் கறி அபராதம் என்றார்கள். ஊர்த் தலைவர் லேவாசா, தூணில் சாய்ந்தபடி, ஜெப நேரத்தில் உனக்கு வெளியே என்ன வேலை என்று கேட்டார். பொய் ஒன்று தயாராக வைத்திருந்தேன். வாயைத் திறந்தபோது வேறு வந்தது.

"அலேகி போன மாதிரியே நானும் போயிருவேன்னு பயமா இருக்குய்யா. நர்ஸு நடக்கச் சொன்னா. தெருவுல இறங்குனா சோறு போடுறீங்க. வேற எப்ப நடக்க? அந்த டின் கறிய வாங்கிட்டு வந்து உங்க வாயில போடவும் எனக்கு மனசு வரல."

தௌசி பாயைப் பார்த்துக்கொண்டு, முன்னமே சொல்லியிருந்தால் கூப்பிட்டிருக்க மாட்டேனே என்றார். நீயாவது கூப்பிடாமல் இருப்பதாவது என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். லேவாசா தன் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டார். பிறகு, அபராதம் அபராதம்தான், டின் கறிக்குப் பதில் இரண்டு கூடை சேப்பங்கிழங்கு, மலைத் தோட்டத்திலிருந்து தோளில் சுமந்து வரவேண்டும் என்றார். அதோடு முடிந்தது என்று எழப் போனேன்.

"உக்காரு. ஜெப நேரத்துல உன் காலு நிக்காதுன்னா ஊருக்காக நடக்கட்டும். இனிமே நீதான் காவல். ஒரு எடத்துல நிக்கிற காவல் இல்ல. இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடக்கணும். மூணாவது மணிக்கு முன்னாடி எங்கயாவது நின்னேன்னு கேள்விப்பட்டா மறுபடி அபராதம்."

அன்று மாலையே கம்பைத் தௌசியிடமிருந்து வாங்கிக்கொண்டேன். இரண்டு பக்கமும் வீடுகளில் பாட்டு. நடுவே காலியான தெருவில் நான் மட்டும். முதல் வாரம் மூச்சு முட்டியது. அண்ணனும் இப்படித்தான் உணர்ந்திருப்பாரோ என்று நினைத்து, நின்றுவிடப் பயந்து நடந்தேன்.

மூன்று மாதம் முடிந்து மாத்திலதா பட்டையைக் கட்டினாள். எண் இறங்கியிருந்தது. மாத்திரை இப்போதைக்கு வேண்டாம் என்றாள். அட்டையை இரண்டு தடவை வாங்கிப் பார்த்தேன். எத்தனை நாளைக்கு இப்படி நடக்க வேண்டும் என்று கேட்டேன்.

"இருக்கிற வரைக்கும்" என்றாள்.

பஸ் தாமதம். ஊர் எல்லையில் இறங்கும்போதே முதல் மணி அடித்துவிட்டது. கம்பை எடுக்க வீட்டுக்குப் போகவில்லை. அங்கிருந்தே நடக்கத் தொடங்கினேன்.