வசந்தம் என்று ஓர் ஆல்பம்

பக்கத்து வீட்டுக்காரி கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தபோது, யாருக்காக அழுதுகொண்டு வந்தாளோ அவர் கட்டிலில் சாய்ந்தபடி வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் இல்லம்மா," என்றார். "அது மாடியில என் பையன் பாடுறான்."

மாடியிலிருந்து மறுபடி அந்த அலறல் வந்தது. அதைப் பாட்டு என்று ஒப்புக்கொள்கிறவர்கள் அந்தத் தெருவில் சொற்பம். மற்றவர்களுக்கு அது எழவு விழுந்த வீட்டின் சத்தம்தான். வந்தவளை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, மனைவி அவர் வாயைத் துடைத்தாள்.

"பாவம், செய்யுற வேலையைப் போட்டுட்டு வந்திருக்கு," என்றார்.

"நீங்க பேசாம படுங்க."

தகர டப்பா அடிக்கும் ஆலையில் காலமெல்லாம் நின்று கேட்ட காது அவருடையது. டி.வி. கேட்காது. மனைவி கத்தினால் பாதி கேட்கும். அந்தப் பாதியும் அவருக்கு வேண்டியதாக இருந்தால்தான். மகனுடைய ஹெவி மெட்டல் இசை மட்டும் சுவர் வழியாக இறங்கி, கட்டில் காலில் ஏறி, நேராக முதுகில் போய்க் கேட்டது. போன வாரம் டாக்டர் கையை விரித்ததும் மகனும் அவனுடைய கூட்டாளிகளும் ஆல்பத்தின் ஒலிப்பதிவை நிறுத்திவிட்டார்கள். வீடு அமைதியானதும் இவருக்குத் தூக்கம் போயிற்று. "என்னடா, எனக்கு முன்னாடி நீங்க போயிட்டீங்களா?" என்று கேட்ட பிறகுதான் மறுபடி ஆரம்பித்தார்கள்.

ஒரே ஒரு பாட்டு பாக்கி. அதில் நடுவே டிரம்ஸ் சட்டென்று நின்று ஓர் இடைவெளி வரும். அங்கே கிட்டார்க்காரன் தவறாமல் முந்திக்கொண்டான். மறுநாள் அவன் வேலைக்காக வெளியூர் கிளம்புகிறான். இன்று விட்டால் ஆல்பம் அவ்வளவுதான்.

கடைசியாக முயல்வதற்கு முன் மண்டையோட்டுச் சட்டைகளோடு எல்லோரும் கீழே இறங்கி, பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் மாதிரி கட்டிலைச் சுற்றி நின்றார்கள்.

"ஆல்பத்துக்கு என்னடா பேரு?"

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். பேர் 'பிணவறை'. பாட்டுக்குப் பாட்டு யாராவது சாவார்கள்; ஒரு பாட்டில் ஒருத்தன் இரண்டு தடவை சாவான்.

"வசந்தம்ப்பா," என்றான் யானை. டிரம்ஸ் வாசிக்கிறவனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

அவர் யானையின் சட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "வசந்தத்துல யாரு அப்படி அலறுறது?"

"பூச்சிங்கப்பா," என்றான் மகன்.

"ம். போய் முடிங்க."

பாட்டு தொடங்கியது. டம்ளரில் ஸ்பூன் ஆடியது. அவருடைய விரல் போர்வையில் தாளம் போட்டது. எப்போதும்போலக் கொஞ்சம் பிந்தியே. பிறகு ஓர் அடி விட்டுப்போயிற்று. வழக்கம்தானே என்று பக்கத்தில் இருந்த மனைவி நினைத்தாள். விரல் மறுபடி சேர்ந்துகொள்ளவில்லை.

அவர் நெஞ்சில் காதை வைத்தாள். தும் தும் என்று கேட்டது. நிம்மதியாக இருந்தது. கன்னத்தை எடுக்காமல் அப்படியே இருந்தாள்.

அப்போது மாடியில் டிரம்ஸ் நின்றது. அவளுடைய காதுக்குக் கீழேயும் நின்றது.

கிட்டார் இந்தத் தடவை முந்தவில்லை. அந்த இடைவெளி முழுதும் பொறுத்திருந்து, சுத்தமாக வந்து விழுந்தது.

எழுந்து மாடிப்படிவரை போனாள். முதல் படியில் கால் வைத்தாள். மகன் மேலே அலறிக்கொண்டிருந்தான். திரும்பி வந்து உட்கார்ந்து, அவருடைய விரல்களைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். இவ்வளவு நீளப் பாட்டு எதற்கு என்று முதல் தடவையாக அவளுக்குக் கோபம் வந்தது.

ஒருவழியாக முடிந்தது. மேலே கும்மாளம். யானை குதித்ததில் காரை உதிர்ந்தது. கட்டிலில் விழுந்ததைத் தட்டிவிட்டு, ஃபிரிட்ஜிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.

மகன் தொப்பலாக நனைந்திருந்தான். "வந்துருச்சும்மா. அப்பா கேட்டாரா?"

"கேட்டுட்டுத்தான்டா இருந்தாரு."

"என்ன சொன்னாரு?"

"முதல்ல தண்ணி குடி."

அவன் அண்ணாந்து குடித்தான். தொண்டை ஏறி ஏறி இறங்கியது. கழுத்தில் வழிந்ததைக்கூடத் துடைக்காமல் குடித்தான். பாட்டில் காலியாகும்வரை அவள் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.