நாகேந்திரனின் உயரம்

யாமினி ஐந்தடி பதினோரு அங்குலம். வகுப்பில் கடைசி பெஞ்சு, போட்டோவில் பின்வரிசை, பஸ்ஸில் குனிந்த தலை என்று பழகியவள். வெதுருகுப்பம் பக்கத்தில் ஒரு கிராம சச்சிவாலயத்தில், அதாவது ஊர் அரசு அலுவலகத்தில், சர்வேயர் வேலை கிடைத்தபோதுதான் அந்த உயரம் உண்மையிலேயே தொந்தரவானது. ஊர் ஊராகப் போய் நிலம் அளக்க வேண்டும். பஸ் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. வண்டி இல்லாமல் முடியாது. அவளுக்கோ சைக்கிளைத் தவிர எதுவும் ஓட்டத் தெரியாது.

அப்பா எத்திராஜ் புத்தூரிலிருந்து திருப்பதிக்கு அழைத்துப் போனார். பெண் என்றதும் ஷோரூமில் ஸ்கூட்டரைத்தான் காட்டினார்கள். ஹேண்டிலைத் திருப்பினால் முழங்காலில் இடித்தது. அடுத்த கடையில் ஒரு பைக். கால் மடங்கி முழங்கால் டேங்குக்கு மேலே வந்து நின்றது. எதிர்க் கண்ணாடியில், பிள்ளைகள் சைக்கிளில் ஏறி உட்கார்ந்த பெரிய மனுஷியைப் போல் தெரிந்தாள். மூன்றாவது கடையில் உயரமான வண்டியே இருந்தது. ஆனால் பயங்கர கனம். ஸ்டாண்டிலிருந்து நிமிர்த்தும்போதே அவள் மேல் சாய்ந்துவிட்டது. இரண்டு பேர் ஓடி வந்து பிடித்தார்கள்.

"பழகற வரைக்கும் நாலு தபா கீழ போடத்தான் போற. பழைய வண்டியே பாப்பம் வா," என்றார் எத்திராஜ்.

சித்தூரில் வேதாச்சலம் என்பவரின் பழைய வண்டிக் கடையில், கடைசி வரிசையில், அந்தக் கறுப்பு வண்டி நின்றுகொண்டிருந்தது. யாமினி ஏறி உட்கார்ந்தாள். இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதிந்தன. கையை நீட்டினால் ஹேண்டில் அங்கே இருந்தது. முதுகு தானாக நிமிர்ந்தது. உடம்புக்கு அளவெடுத்துச் செய்த ஒன்றில் அவள் உட்காருவது அதுதான் முதல் தடவை.

"ஹேண்டில தூக்கி வெச்சிருக்கான் பாரும்மா. சீட்டையும் ஒசத்திக்கினான், கால் வெக்கிறத எறக்கிக்கினான். யாரோ வளத்தியான ஆளு. ஒரு வருசமா கெடக்குது. ஏறினவங்க யாருக்கும் கால் எட்டல," என்றார் வேதாச்சலம்.

"ஏன் வித்தாங்க?"

"வீட்டுக்காரம்மா வந்து வுட்டுட்டு போச்சு. வண்டி மேல ஒரு கேஸு இல்ல, விபத்து இல்ல. அத நான் எழுதியே தர்றேன்."

பழைய ஆர்.சி.யில் நாகேந்திரன் என்ற பெயர் மட்டும் அவள் கண்ணில் பட்டது. ஊர்ப் பெயரை அவள் படிக்கவில்லை.

ஒரு மாதம் விடிகாலையில் புத்தூர் மைதானத்தில் பழகினாள். மூன்று தடவை கீழே போட்டாள். கிளட்ச் கைக்கு வந்தது, லைசென்ஸும் வந்தது. முகம் முழுக்க மூடும் ஹெல்மெட், வெயிலுக்கு அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டை. அப்படித்தான் ஒரு திங்கட்கிழமை வேலைக்குக் கிளம்பினாள்.

சச்சிவாலயத்துக்கு முந்தைய ஊரில், டீக்கடை வாசலில் நின்ற ஆள் அவளைப் பார்த்துக் கையைத் தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்றது. அடுத்த திருப்பத்தில், வைக்கோல் சுமந்து வந்த ஒருத்தி சட்டென்று ஓரமாய் ஒதுங்கி, கும்பிடுவதா வேண்டாமா என்பது போலக் கைகளை மார்புவரை கொண்டுபோனாள். பச்சைக் கதவு போட்ட ஒரு வீட்டிலிருந்து செம்பட்டை நாய் ஒன்று பாய்ந்து வந்தது. குரைக்கவில்லை. வாலை ஆட்டிக்கொண்டு கூடவே ஓடி வந்து, ஊர் எல்லையில் நின்று மூக்கைத் தூக்கி மோந்து பார்த்தது. பிறகு வாலைத் தொங்கவிட்டுத் திரும்பி நடந்தது.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். தனக்கு முன்னால் யாரோ அந்தச் சாலையில் போய்க்கொண்டிருப்பதாகவும், தான் அவனுக்குள்ளே உட்கார்ந்து போவதாகவும் யாமினிக்குத் தோன்ற ஆரம்பித்தது. நான்காம் நாள் டீக்கடையில் வண்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றினாள். முதல் நாள் கையைத் தூக்கிய கடைக்காரர் கங்கையா அவள் முகத்தைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டார்.

"பொம்பளப் புள்ளயா நீ! அது நாகேந்திரன் வண்டிம்மா. இந்த ஊர்க்காரன். போன வருசம் கரும்புக்குத் தண்ணி திருப்பப் போனான், பாம்பு கடிச்சிடுச்சு. அவன மாதிரியே ஒசரம், அவன மாதிரியே நிமுந்து உக்காந்துக்கினு வர்ற. மொத நாளு எனக்கு கையி காலே ஓடல."

"அந்தப் பச்சைக் கதவு வீடு...?"

"அவன் வூடுதான். பொண்டாட்டி காஞ்சனா மட்டும் இருக்குது."

வேறு வழியில் போய்விடலாமா என்று யாமினி யோசித்தாள். வேறு வழி இல்லை. மறுநாள் ஒன்பது மணிக்கு அந்த வீட்டை நெருங்கியபோது காஞ்சனாவே ரோட்டில் நின்றிருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். யாமினி பிரேக் போட்டு, ஹெல்மெட்டைக் கழற்றக் கை வைத்தாள்.

"கழட்டாத."

கை நின்றது.

"நீ யாருன்னு தெரியும். கங்கையா சொல்லிச்சு. தினம் ஒம்போது மணிக்கு சத்தம் கேக்குது, அடுப்ப வுட்டுட்டு ஓடியாறேன். மொத நாளு நீ திரும்பிப் பாக்காம போய்ட்ட. அவரு இன்னும் கோவிச்சுக்கினுதான் போறாருன்னு நெனச்சேன்."

யாமினி ஹெல்மெட்டிலிருந்து கையை இறக்கினாள்.

"அவரு போனாரே, அன்னிக்கோட மூணு நாளு, நான் அவர்கிட்ட பேசவே இல்ல. ஒரு அல்ப வெசயம். சோறு வெச்சேன், பேசல." காஞ்சனா சீட்டைத் தொட்டாள். "ஒரே ஒரு தபா உக்கார வெச்சுக்கினு போம்மா. வேறொண்ணும் கேக்கமாட்டேன்."

பின்னால் ஆள் ஏற்றி யாமினி ஓட்டியதே இல்லை. சொன்னாள். காஞ்சனா கேட்டுக்கொண்டாளா என்றே தெரியவில்லை, ஒருபக்கமாக ஏறி உட்கார்ந்துவிட்டாள். அவள் கை, தேடாமல், தடுமாறாமல், யாமினியின் வலது தோளில் வந்து அமர்ந்தது.

முதல் கியரிலேயே வண்டி நகர்ந்தது. நாய் கூட ஓடி வந்தது. மாந்தோப்பைத் தாண்டியதும் பின்னாலிருந்து பேச்சு தொடங்கியது. யாமினி முதலில் தன்னிடம் பேசுவதாக நினைத்தாள். போர்வெல் மோட்டார் ரிப்பேரானதைப் பற்றி. மாமியார் தன் தம்பி வீட்டோடு போய்விட்டதைப் பற்றி. வண்டியை ஏன் விற்றேன் என்றால், கொட்டகையில் அது நிற்பதைப் பார்க்க முடியவில்லை என்று. குரல் தாழ்ந்து, யாமினியின் முதுகோடு ஒட்டிக்கொண்டு, வேறு யாரிடமோ போய்க்கொண்டிருந்தது. திரும்பக்கூடாது, இருமக்கூடக் கூடாது என்று யாமினி பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள்.

குளக்கரையில் பேச்சு நின்றது. கொஞ்ச தூரம் எஞ்சின் சத்தம் மட்டும். பிறகு காஞ்சனா கேட்டாள்:

"இன்னும் கோவமா?"

தோளில் இருந்த விரல்கள் இறுகின. அவள் பதிலுக்குக் காத்திருந்தாள். பேசினால் பெண் குரல் கேட்டுவிடும். பேசாவிட்டால் அதுவே ஒரு பதிலாகிவிடும். இதைச் சொல்ல நான் யார் என்று யாமினி நினைத்து முடிப்பதற்குள், ஹெல்மெட் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெதுவாக ஆடியது. இல்லை.

காஞ்சனா அவள் முதுகில் நெற்றியை வைத்து அழுதாள். வண்டி நடுங்கியது. யாமினி எப்படியோ வளைத்துத் திருப்பி, பச்சைக் கதவின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள். காஞ்சனா இறங்கினாள். அவள் முகத்தைப் பார்க்காமலே, "பாத்துப் போ," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அந்த வார்த்தை தனக்கா, அவனுக்கா என்று யாமினிக்குத் தெரியவில்லை.

அன்று அவள் அளந்த நிலம் இரண்டு தடவை தப்பாக வந்தது. வீட்டில் எத்திராஜிடம் எல்லாவற்றையும் சொன்னாள். "வித்துடலாமா?" என்று கேட்டார்.

"வேணாம் நைனா. நான் தலைய ஆட்டினது தப்பா?"

"நல்லதுக்குத்தான ஆட்டின."

"நான்தான் ஆட்டினனான்னே எனக்குத் தெரியல நைனா."



இப்போது ஊர்க்காரர்கள் பழகிவிட்டார்கள். கங்கையா அவளைப் பார்த்துத்தான் கை தூக்குகிறார். ஒன்பது மணிக்குப் பச்சைக் கதவு திறப்பதில்லை. காஞ்சனா முன்போல வயலுக்குப் போய் வருவதாகச் சொல்கிறார்கள். யாமினி மட்டும், குளக்கரை வந்தால், கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு வேகமாக ஓட்டுகிறாள். பின் சீட்டில் யாரும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும், மறுபடியும் ஏதாவது கேள்வி வந்துவிட்டால் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.