சின்னவள் வீட்டு ஸ்பீக்கர்

சின்னவளின் கல்யாணத்தோடு அக்கா தங்கை இருவரின் டிஜே வேலையும் நின்றுபோயிருந்தது. அதுவரை பிறந்தநாள், வரவேற்பு, கம்பெனி விருந்து என்று யார் கூப்பிட்டாலும் வாடகைச் சாமான்களோடு போய் நிற்பார்கள். பெரியவள் இடப்பக்கம், சின்னவள் வலப்பக்கம். ஒருத்தியின் பாட்டு முடிகிற இடத்தில் இன்னொருத்தி தன் பாட்டை அதே தாளத்தில் நுழைப்பாள். ஆடுகிறவர்களுக்குப் பாட்டு மாறியதே தெரியாது.

தங்கை புகுந்த வீடு போனபிறகு பெரியவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடை வேலை மட்டும்தான் மிஞ்சியது. நாளெல்லாம் லென்ஸைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவாள். "தனியாப் போக வேண்டியதுதானே?" என்று கேட்டவர்களிடம், "ஒரு கை தட்டினா ஓசை வருமா?" என்று சிரித்து மழுப்பினாள்.

அப்படியிருக்கும்போதுதான் சின்னவளிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, வீட்ல ஒரு டிஜே செட்டப் போடப்போறோம். பின்பக்க ரூமைக் காலி பண்ணியாச்சு. ஸ்பீக்கர் மட்டும் நீ வந்து பாத்துக் குடு. உன் காதை நம்பித்தான் இருக்கேன்."

பெரியவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. 'போடப்போறோம்' என்ற அந்தச் சொல்லுக்குள் தன்னையும் சேர்த்துக்கொண்டாள்.

மறுநாளே லீவு சொல்லிவிட்டுப் போனாள். இரண்டாவது மாடி, சின்ன அறை. வெறும் டைல்ஸ் தரை, ஒரு பீரோ, எதிர்க் கட்டடத்தைப் பார்த்த ஜன்னல். நடுவில் நின்று கை தட்டினாள். குடத்துக்குள் தட்டியதுபோலச் சத்தம் சுற்றி வந்தது. மூலைக்கு மூலை போய்த் தட்டிப் பார்த்துவிட்டு, "கெட்டியா ஒரு திரை போடு, தரையில எதையாவது விரி," என்றாள். பிறகு, யாரும் சொல்லாமலே கீழ் வீட்டுக்கு இறங்கிப்போய் மணியை அடித்தாள்.

கண்ணைக் கசக்கிக்கொண்டு கதவைத் திறந்தவள் ஒரு நர்ஸ்.

"எனக்கு நைட் டூட்டி. உங்களுக்கெல்லாம் பகல்னா, எனக்கு அப்பத்தான் ராத்திரி," என்றாள் அலுப்போடு.

"உங்க தூக்கம் கெடாத மாதிரி பாத்து வாங்கறேன். என்னை நம்புங்க," என்றாள் பெரியவள்.

கடைக்கு நான்கு பேராகப் போனார்கள்: அக்கா, தங்கை, தங்கையின் கணவன், அவனுடைய தங்கை. அந்த நாத்தனாருக்கு வாசலில் நின்ற ஆளுயர ஸ்பீக்கரின் மேல்தான் கண். அதன் வயிற்றில் நீலமும் சிவப்புமாக விளக்கு ஓடியது.

"இதை எடுங்க மேடம். அடிச்சா நெஞ்சுக்குள்ள இடிக்கும்," என்றார் கடைக்காரர்.

"நெஞ்சு நம்மளுது. தரைக்குக் கீழ இன்னொருத்தர் தலை இருக்கே," என்றாள் பெரியவள். "இதுக்கு வயர் கிடையாதா?"

"புளூடூத் மட்டும்தான் மேடம். வயர்த் தொல்லையே இல்லை."

அங்கே காட்சிக்கு வைத்திருந்த, பாட்டுக் கலக்கும் டிஜே கருவியில் அதைச் சேர்க்கச் சொல்லி ஒரு பொத்தானைத் தட்டினாள். சத்தம் ஒரு இமைப்பொழுது பிந்தி வந்தது.

"பாத்தியாடி? கை இங்க இருக்கு, காது அங்க இருக்கு. இதை வச்சுக்கிட்டு ரெண்டு பாட்டை எப்படிச் சேர்ப்ப?"

சின்னவள் தலையாட்டினாள். அவளுக்கும் அது தெரியாததல்ல.

பெரியவள் கடைசியில் எடுத்தது கறுப்பாக, அடக்கமாக ஒரு ஜோடி. காற்று வெளிவரும் துளை முன்பக்கம் இருந்ததால் சுவரை ஒட்டி வைத்தாலும் அவ்வளவாகக் குமுறாது. குறைத்து வைத்தாலும் பாடுகிறவர் மூச்சு வாங்குவது வரை கேட்டது.

"என்னக்கா இது, ரெண்டு பிஸ்கட் டப்பா மாதிரி இருக்கு? வீடியோ எடுத்தா கண்ணுக்கே தெரியாது," என்றாள் நாத்தனார்.

"காதுக்குத் தெரியும்மா."

எல்லோரும் சிரித்தார்கள். நாத்தனாரும் சிரித்தாள், உதட்டளவில்.

அன்று சாயங்காலமே பெரியவள் அவற்றைக் காது மட்டத்துக்கு உயர்த்தி, அடியில் தடித்த ரப்பர் வைத்து, நிற்கிற இடத்தைப் பார்த்துக் கொஞ்சம் திருப்பிவிட்டாள். பாட்டைப் போட்டுவிட்டுக் கீழே ஓடினாள். நர்ஸ் வீட்டில் ஒரு முனகல்கூட இல்லை. "பரவாயில்லையே," என்றாள் நர்ஸ்.

"வர்ற ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஆரம்பிக்கிறோம். வந்துடு," என்றாள் சின்னவள்.

பெரியவள் தன் பழைய ஹெட்போனைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு போனாள். உறவும் நட்புமாக வீடு நிறைந்திருந்தது. பின்னறையில், அவள் கறுப்பு ஜோடியை வைத்திருந்த இடத்தில், கடையில் பார்த்த அந்த ஆளுயர ஸ்பீக்கர் விளக்கை ஓடவிட்டுக்கொண்டு நின்றது. இடப்பக்கம் நாத்தனார் புது ஹெட்போனோடு நின்றாள்.

பெரியவள் தங்கையைச் சமையலறைக்குள் இழுத்துப்போய்க் கேட்டாள். "நான் எடுத்தது எங்கடி?"

"கட்டிலுக்கு அடியில இருக்கு. அவளுக்கு இதுதான் பிடிச்சுது, அவரும் சரின்னுட்டார். நான் என்ன பண்ண?"

"சரி, அவ ஏன் அங்க நிக்கறா?"

சின்னவள் நிமிரவில்லை. "நாங்க ரெண்டு பேரும்தான்க்கா பண்றோம். நானே இவளுக்குக் கத்துக்குடுத்தேன். உனக்கு வேலை இருக்கும்னு நெனச்சேன்."

நாங்க. பெரியவள் பையின் வாரைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு கூடத்தில் போய் உட்கார்ந்தாள்.

முதல் பாட்டு ஓடியது. இரண்டாவது நுழைந்தபோது, கல்லில் இடறிய வண்டிபோல இரண்டு தாளமும் முட்டிக்கொண்டன. நாத்தனார் சத்தத்தைக் கூட்டினாள். பீரோக் கதவு அதிர்ந்தது. பெரியவளுக்கு உள்ளங்கால் கூசியது.

கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது. கலைந்த தலையோடு நர்ஸ் நின்றாள். அவள் சத்தம் போடவில்லை. "இப்பத்தான் கண்ணை மூடினேன். கட்டிலே ஆடுது," என்றவள் பெரியவளைப் பார்த்துவிட்டு, "நீங்க சொன்னதை நம்பினேன்," என்றாள்.

வீடே திரும்பியது. சின்னவளின் மாமியார் முந்திக்கொண்டாள். "எங்களுக்கு என்னம்மா தெரியும்? ஸ்பீக்கரை எடுத்ததெல்லாம் இவதான். பெரிய டிஜேன்னு நம்பிக் கூட்டிட்டுப் போனோம்."

பெரியவள் தங்கையைப் பார்த்தாள். அவள் ஒரு சொல் சொன்னால் போதும். சின்னவளோ குனிந்து, சிக்கே இல்லாத ஒரு வயரைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

பெரியவள் எழுந்து உள்ளே போனாள். கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்துவந்து கூடத்தின் நடுவில் வைத்தாள்.

"நான் எடுத்தது இது. அது உங்க மக எடுத்தது. தாளம் ஏன் சேரலைன்னு உங்க மருமகளைக் கேளுங்க, அவளுக்கு நல்லாத் தெரியும்."

நாத்தனாரின் முகம் சிறுத்துப்போனது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நர்ஸ் தர்மசங்கடத்தோடு படியிறங்கினாள். சின்னவள் வாசல்வரை வந்தாள்.

"அத்தனை பேருக்கு முன்னால என்னை இழுத்துவிட்டியே. இனி நான் இவங்களோடதானே குப்பை கொட்டணும்? நீ சொன்னது சரி, அவ்வளவுதானே உனக்கு வேணும்? போ."

அதன்பிறகு சின்னவள் போன் செய்யவில்லை. பெரியவள் செய்தபோது எடுக்கவுமில்லை. ஆளுயர ஸ்பீக்கர் கடைக்கே திரும்பிப் போனதாகவும், அந்த அறையில் இப்போது துணி காயப்போடுவதாகவும் அம்மா வழியாகத் தெரிந்தது. ஒருநாள் ஆட்டோவில் ஒரு பெட்டி வந்தது. உள்ளே அந்தக் கறுப்பு ஜோடி. துண்டுச் சீட்டுகூட இல்லை.

ஒரு வாரம் அதைத் தொடாமல் வைத்திருந்தாள். பிறகு ஒரு சாயங்காலம் தன் அறையில் மாட்டி, போனில் கிடந்த பழைய விருந்துப் பதிவு ஒன்றைப் போட்டாள். பாட்டுக்கு நடுவே சின்னவள் மைக்கில் பேசினாள்: "இது எங்க அக்காவோட பாட்டு, கேட்டுட்டு ஆடுங்க." பக்கத்தில் நின்று சொல்வதுபோல இருந்தது. ஸ்பீக்கர் எடுத்ததில் ஒரு குறையும் சொல்வதற்கில்லை.

அம்மா ஈரக் கையோடு சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். "யாரு, சின்னவளா வந்திருக்கா?"

"இல்லம்மா. ஸ்பீக்கர்."

அம்மா அந்தக் கறுப்புப் பெட்டிகளைப் பார்த்தாள். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள்.

"அன்னைக்கு நீ வாயை மூடிக்கிட்டு வந்திருக்கலாம்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.