சுவரோரத்தில் ஒரு கை

1

இந்தக் கதையை எனக்குச் சொன்னவர் ஒரு பல் டாக்டர். அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது என் வாய் திறந்திருந்தது. உள்ளே அவருடைய இரண்டு விரல்களும் ஒரு குட்டிக் கண்ணாடியும் இருந்தன. அதனால் நடுவில் ஒரு கேள்விகூடக் கேட்க முடியவில்லை. கதையில் ஏதாவது ஓட்டை இருந்தால் நான் பொறுப்பல்ல என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். (கடைசியில் இந்தப் பத்திக்குத் திரும்பி வந்து என்னைத் திட்டுவீர்கள். பரவாயில்லை.)

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. துப்பறிவாளர் தன் குடையை மடக்கி—"

இது கதையே இல்லை. கதைக்குள் வரும் தொலைக்காட்சித் தொடர். அடித்துவிட்டேன். பிறகு:

"கண்ணாடிக்காரருக்கு வாழ்க்கையில் இருந்தது ஒரே ஒரு ஆசை, அது—"

ஒரே ஒரு ஆசையோடு உலகத்தில் யாராவது இருக்கிறார்களா? இதையும் அடித்தாயிற்று. இனி நேராகச் சொல்கிறேன்.

2

மூக்குக் கண்ணாடிக் கடை ஒன்று. கடைக்குப் பின்னாலேயே வீடு. சுவரில் மேலே பெரிதாகத் தொடங்கிக் கீழே எறும்பு அளவுக்குச் சிறுத்துப்போகும் எழுத்து அட்டை. அதற்குப் பக்கத்தில், காத்திருப்பவர்களுக்காக ஒரு டிவி. கடை மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் கண்ணாடிக்காரரும் பல் டாக்டரும் அதன் முன்னால் உட்கார்ந்து பழைய துப்பறியும் தொடர் ஒன்றைப் பார்ப்பார்கள். 'பார்ப்பார்கள்' என்பது மரியாதைக்காகச் சொன்னது. நிறுத்துவார்கள், பின்னால் போவார்கள், மறுபடியும் நிறுத்துவார்கள். அவர்களுக்கு வேண்டியது கதை அல்ல, கதையில் இருக்கும் பிழை.

குறிப்பாக 'மழை எபிசோட்'. மாளிகைக்காரி செத்துக் கிடக்கிறாள். துப்பறிவாளர் எல்லோரையும் கூடத்தில் வரிசையாக நிறுத்திக் கொலைகாரனைக் காட்டுகிறார். அவன் கதவைப் படாரென்று சாத்திவிட்டு ஓடுகிறான். இதில் ஓட்டை கண்டுபிடிக்காத ரசிகனே கிடையாது. குடை நனையவில்லை. கடிகாரம் பின்னால் ஓடுகிறது. செத்தவள் ஒரு முறை கண் சிமிட்டுகிறாள்.*

(* இதை நான் நம்பவில்லை. தூசு விழுந்திருக்கும்.)

துப்பறிவாளரின் வட்டக் கண்ணாடி அடுத்த காட்சியில் சதுரமாகிவிடுவதைக் கண்டுபிடித்தவர் பல் டாக்டர். கொலைகாரனின் தங்கப்பல் இடமிருந்து வலத்துக்குத் தாவியதைக் கண்டுபிடித்தவர் கண்ணாடிக்காரர். அந்த ரணம் இருவருக்கும் இன்னும் ஆறவில்லை.

"காலமெல்லாம் கண்ணாடி விக்கிறீங்க, அந்த ஆள் மூக்கு மேல என்ன இருக்குன்னு பார்க்கலையா?"

"நீங்க மட்டும்? ஊர்ல உள்ள வாயெல்லாம் எட்டிப் பார்த்திருக்கீங்க. டிவில வந்த வாய் மட்டும் கண்ணுல படலையாக்கும்."

கண்ணாடிக்காரரின் மனைவி மூன்று டம்ளரில் டீ கொண்டுவந்து வைத்தார். அவருக்கு டீ ஆகாது. குடிப்பதில்லை.

3

அப்போதுதான் சேனல்காரர்கள் அந்த அறிவிப்பை விட்டார்கள். தொடரைத் துடைத்துச் சுத்தம் செய்து புதிதாக வெளியிடப் போகிறார்கள். ரசிகர்கள் பிழைகளைச் சொல்லலாம். கம்ப்யூட்டரை வைத்து அழித்துவிடுவார்கள். புதுப் பிழை சொல்பவரின் பெயர் கடைசியில் ஓடும் பெயர்களோடு சேர்ந்து திரையில் வரும். பார்த்துச் சொல்வதற்காகத் தெளிவான பிரதி ஒன்றையும் ரசிகர்களுக்குக் கொடுத்திருந்தார்கள்.

கண்ணாடிக்காரரின் பெயர் இதுவரை வந்ததெல்லாம் கடை போர்டில்தான். அதுவும் பாதி எழுத்து உதிர்ந்துவிட்டது. சிரிக்காதீர்கள். திரையில் தன் பெயர் கீழிருந்து மேலே ஏறிப்போவதை அந்த மனிதர் எத்தனை முறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருப்பார் என்று எனக்குத் தெரியும்.

"நான் ஒண்ணு பிடிச்சிருக்கேன் டாக்டர். இதுவரைக்கும் யாருமே பார்க்காதது."

"என்னது?"

"பேரு வந்த பிறகு காட்டுறேன்."

டாக்டர் பாதி டீயோடு எழுந்து போனார். போன வேகத்தில் கதவு அடித்துக்கொண்டது. அவர் கண்ணாடிக்காரரிடம் முகம் கொடுத்துப் பேச இரண்டு வாரம் ஆனது.

4

இப்போது மனைவி உள்ளே வரவேண்டும். இந்தப் பாத்திரம்தான் எனக்குத் தகராறு. எழுத எழுத நல்லவராகிவிடுகிறார். ஒரு குறையாவது கொடுக்கலாமென்று யோசித்தேன். மறதி? கிடையாது, எதையும் மறக்கமாட்டார், அதுதான் தொல்லை. அதட்டல்? அது உண்டு. புருஷனில் தொடங்கிக் கூடப்பிறந்தவன்வரை ஒருவரையும் விட்டுவைப்பதில்லை. அதுவே போதும்.

"இங்க வாயேன், எழுதினது சரியா இருக்கான்னு பாரு," என்று கூப்பிட்டார் கண்ணாடிக்காரர். அனுப்பவேண்டிய செய்தி போனில் தயாராக இருந்தது. ரிமோட்டை எடுத்தார். கொலைகாரன் ஓடினான். கதவு படாரென்று சாத்திக்கொண்டது. ஜன்னல் பக்கத்துச் சுவரின் விளிம்பில் நான்கு விரல்கள். நிறுத்தினார். பழைய பிரதியில் அது வெறும் நிழல். இதில் நகம்கூடத் தெரிந்தது.

"வீட்ல இருக்கறவங்க எல்லாரும் கூடத்துல நிக்கறாங்க. அப்போ இது யாரு கை? ரெண்டாவது கொலைகாரன்! கதை எழுதினவனுக்கே தெரியாம ஒருத்தன் உள்ள பூந்திருக்கான்!"

"திரும்பப் போடுங்க."

போட்டார். அதே இடத்தில் நிறுத்தினார்.

"நிறுத்தாதீங்க. ஓட விடுங்க."

"ஓட விட்டா ஒண்ணும் தெரியாதும்மா."

"ஓட விடுங்கன்னா!"

அந்த வீட்டில் அந்த எபிசோட் ஒருமுறைகூட நிற்காமல் ஓடியதில்லை. அன்று ஓடியது. கதவு அடித்ததும் சுவர் நடுங்கியது. விரல்கள் அதைப் பிடித்தன. சுவர் நின்றது. பிறகு கை விரிந்து, உள்ளங்கையால் சுவரை மெதுவாக இரண்டு தட்டுத் தட்டிவிட்டு மறைந்தது.

"அப்பா," என்றார் மனைவி.

அவருடைய அப்பா அந்தத் தொடரை எடுத்த படப்பிடிப்பு நிலையத்தில் தச்சராக இருந்தவர். முன்பக்கம் மட்டும் உள்ள வீடுகளைக் கட்டுவது அவர் வேலை. ஒட்டுப்பலகைச் சுவர், கதவை அடித்துச் சாத்தினால் ஆடும். பின்னால் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். எதைச் செய்து நிறுத்தினாலும் உள்ளங்கையால் இரண்டு தட்டு, "நில்லு கண்ணு" என்பார். கட்டில், அலமாரி, எல்லாவற்றுக்கும் அதே. பள்ளிக்கூடம் கிளம்பும் பிள்ளைகளின் முதுகிலும் இரண்டு தட்டு உண்டு. அவர்களுக்கு மட்டும் "போ கண்ணு." வீட்டில் இருக்கும் போட்டோக்களில் எல்லாம், யாரோ அதட்டி நிற்கவைத்ததுபோல் கையை ஒட்டி வைத்துக்கொண்டு விறைப்பாக நிற்கிறார். அவர் அசைந்தது எங்கேயும் இல்லை. அவர் போய் வெகு காலம் ஆகிறது.

"நெஜமாவா?" என்றார் கண்ணாடிக்காரர்.

மனைவி பிரேம்கள் அடுக்கியிருந்த அலமாரிப் பக்கம் போய் அதில் இரண்டு தட்டுத் தட்டினார். அதுவும் அப்பா செய்து கொடுத்ததுதான்.

கண்ணாடிக்காரர் மெல்ல உட்கார்ந்தார். "கல்யாணத்தன்னிக்கு என் முதுகுலயும் தட்டினாரு. நான் சட்டையில ஏதோ தூசுன்னு நினைச்சேன்." போனில் எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு, "மாமனாரையே கொலைகாரன்னு எழுதி வச்சிருக்கேனே," என்றார்.

அவர் மனைவி சிரித்துவிட்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அனுப்புங்க. உங்க பேரு வரட்டும். நான் ஒண்ணும் சொல்லல," என்றார்.

மனைவி 'நான் ஒண்ணும் சொல்லல' என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று எந்தக் கணவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

"கடைசில ஓடற பேருங்கள்ல அவரு பேரு இருக்கா?" என்று கேட்டார் கண்ணாடிக்காரர்.

"தச்சர் பேரெல்லாம் யாரு போடறாங்க."

கண்ணாடிக்காரர் போனைக் கையில் எடுத்தார். கட்டைவிரல் 'அனுப்பு' என்ற இடத்துக்கு மேலே

5

இங்கேதான் நின்றுவிட்டேன். மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு: அனுப்பிவிடுகிறார். கையை அழிக்கிறார்கள். சுவர் தானாகவே நடுங்கித் தானாகவே நிற்கிறது. கடைசியில் அவர் பெயர் வருகிறது. மனைவி அதைப் பார்க்க அடுப்படியிலிருந்து— (எழுத முடியவில்லை.)

இரண்டாவது: அனுப்பாமல் போனை மேஜை டிராயரில் போட்டு மூடுகிறார். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்குத் தெரிந்த ரசிகர்கள் இவ்வளவு சட்டென்று திருந்துகிறவர்கள் இல்லை.

மூன்றாவது: இவர் தயங்கிக்கொண்டிருக்கும்போதே பல் டாக்டர் அந்தக் கையைக் கண்டுபிடித்து— இந்த முடிவை முழுதாக எழுதவே எனக்குப் பிடிக்கவில்லை. ஏனென்று அடுத்த பகுதியில்.

6

ஓட்டையைப் பிடித்துவிட்டீர்களா?

டாக்டர் மூன்றாம் பகுதியிலேயே எழுந்து போய்விட்டார். நான்காம் பகுதியில் நடந்ததை அவர் எப்படி எனக்குச் சொல்லியிருக்க முடியும்? வீட்டுக்காரம்மா டீ குடிக்கமாட்டார். இருந்த ஆண்கள் இரண்டு பேர். மூன்றாவது டம்ளர் யாருக்கு?

எனக்குத்தான். கண்ணாடிக்காரர் என் அத்தான். அவர் மனைவி என் அக்கா. அந்தச் சுவரைத் தட்டியது என் அப்பா. பள்ளிக்கூடப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்ற என் முதுகில் தினமும் காலையில் தட்டிய அதே கை. அக்கா அன்று சிரித்தாள். நான்தான் விக்கி விக்கி அழுதேன். அதை எழுத வெட்கமாக இருந்ததால், பொய்யாக ஒரு பல் நாற்காலியில் போய்ப் படுத்துக்கொண்டேன்.

"ஏன்டா, ஆம்பளைப் பிள்ளை, மூக்கை என் புடவையிலயா துடைக்கிற?" என்று அக்கா அதட்டினாள். அத்தான் போனைப் பிடித்தபடி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

பிறகு என்ன செய்தார் என்று சொல்லமாட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். நீங்கள் படித்த காட்சி உண்மையில் வருவது மழை எபிசோடில் அல்ல. கையிருந்த இடம் ஜன்னல் பக்கமும் அல்ல. கதவை அடித்துச் சாத்தியவன் கொலைகாரனும் அல்ல. எல்லாவற்றையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். டாக்டர் இதைப் படித்துவிட்டு ஜன்னல் ஜன்னலாகத் தேடுவார், தேடட்டும். அத்தான் அனுப்பியிருந்தால் நான் எதற்கு இவ்வளவு பாடுபட்டு மறைக்கவேண்டும் என்று கேட்கிறீர்களா? கேளுங்கள். நான் ஒண்ணும் சொல்லல.

புதுப் பிரதி வரும்போது நீங்களும் பார்ப்பீர்கள். எங்கேயோ ஒரு கதவு அடித்துச் சாத்திக்கொள்ளும், ஒரு சுவர் ஆடும். தயவுசெய்து ரிமோட்டைக் கீழே வையுங்கள். நிறுத்திப் பார்த்தால் அது பிழை. ஓடவிட்டால்தான் அவர் தட்டுவது தெரியும்.