நூறு டாலரும் எர்லிந்தாவின் நகமும்

டாலரே நாட்டுக் காசாகப் புழங்கும் எங்கள் குவாலசேயோ ஊரில் ஞாயிற்றுக்கிழமை நூறு டாலர் நோட்டோடு கடைவீதிக்கு வருகிறவன் ஒன்று வெளியூர்க்காரனாக இருக்க வேண்டும், இல்லை காதலில் விழுந்தவனாக இருக்க வேண்டும். அமாதேயோ வெளியூர்க்காரன் இல்லை.

ஐம்பத்திரண்டு வயது. வாடகை வேன் ஓட்டுகிறான். அன்றைக்கு மளிகைக்கடை எர்லிந்தாவைப் பெண் கேட்கப் போகிறான் என்பது ஊருக்கே தெரியும். பன்னிரண்டு மணிக்கு அவள் அம்மா வீட்டு வாசலில் கூடையோடு நிற்க வேண்டும். சுட்ட கினிப்பன்றி, உருளைக்கிழங்கு, அவித்த முட்டை, ரொட்டி, ஒரு புட்டி கரும்புச் சாராயம். கூடை இல்லாமல் பெண் கேட்க வந்தவனை எங்கள் பக்கம் உட்காரக்கூடச் சொல்ல மாட்டார்கள். போன வருஷம் வழியில் வேன் நின்றுபோய், இவன் சாயங்காலம் வெறுங்கையோடு போய் நின்றான். அந்தம்மா கதவை முழுசாகத் திறக்கவில்லை. இன்னொரு தடவை இப்படி நடந்தால் அதோடு பேச்சு முடிந்தது என்று இடுக்கு வழியாகவே சொல்லி அனுப்பிவிட்டாள்.

பத்து மணிக்கு என் ரொட்டிக்கடைக்கு வந்தான். இஸ்திரி போட்ட சட்டை. தலையில் அரை டப்பா எண்ணெய்.

"ஸொய்லாக்கா, முப்பது ரொட்டி குடுங்க" என்று நோட்டை நீட்டினான்.

"போர்டைப் படிச்சியா?"

"ஐம்பதும் நூறும் வாங்க மாட்டோம்னு போட்டிருக்கு. எனக்குமாக்கா?"

"உனக்குந்தான். சில்லறை நோட்டு இல்லையா?"

"இருந்ததை நேத்து வேனுக்கு டயர் மாத்தக் குடுத்துட்டேன். பாங்கு நாளைக்குத்தான் திறக்கும். என்னை நம்ப மாட்டீங்களா?"

"உன்னை நம்பி நான் என்ன பண்ணப் போறேன்? அந்தத் தப்பை எர்லிந்தா பண்ணட்டும்."

முகம் வாடிப்போய் நகர்ந்தான். கினிப்பன்றி சுடுகிற தெல்ஃபினா நோட்டை வெயிலுக்கு நேராகப் பிடித்து, ஏதோ தெரிந்தவள் மாதிரி உதட்டைப் பிதுக்கினாள். சாராயக்கடைக்காரர் மோந்து பார்த்தார். அவர் மூக்குக்கு எல்லாமே சாராயம்தான். கடைசியில் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "எர்லிந்தா நல்ல நோட்டுன்னு சொல்லட்டும், கண்ணை மூடிக்கிட்டு வாங்கிக்கறேன்."

எட்டு வருஷத்துக்கு முன்னால் சிரித்த முகத்தோடு வந்த ஒருவன் எர்லிந்தாவிடம் கள்ள நூறைக் கொடுத்துவிட்டுப் போனான். ஒரு வார வியாபாரம் போச்சு. அன்றிலிருந்து நோட்டுப் படத்தில் இருக்கிற ஐயாவின் சட்டைக் காலரை நகத்தால் சுரண்டிப் பார்ப்பாள். சொரசொரவென்றிருந்தால் நல்லது, வழுவழுவென்றிருந்தால் கள்ளம். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. கள்ளம் என்றால் எல்லார் முன்னாலும் நடுவில் ஓட்டை போட்டுத் திருப்பிக் கொடுப்பாள். பாதிரியாரின் அக்கா மகனுக்கே அதுதான் நடந்தது.

ஆக, பெண்ணுக்குக் கொண்டுபோகிற கூடையை வாங்க, மாப்பிள்ளை அந்தப் பெண்ணிடமே போய் நோட்டை நீட்ட வேண்டியதாயிற்று. நான் அடுப்பை அப்படியே விட்டுவிட்டுப் பின்னாலேயே போனேன். வேடிக்கை பார்க்கத்தான், வேறெதற்கு? மற்ற கடைக்காரர்களும் வந்து வாசலை அடைத்துக்கொண்டார்கள்.

"என்னய்யா, வழி தப்பிட்டியா? அம்மா வீடு அந்தப் பக்கம்" என்றாள் எர்லிந்தா.

"இதை ஒருத்தரும் வாங்க மாட்டேங்கறாங்க."

"எங்கேருந்து வந்துச்சு?"

"லோஹாவுக்கு ஒருத்தரை மூணு நாள் கூட்டிட்டுப் போனேனே, அவர் குடுத்தது. வேன்லயே தூங்கி எழுந்து சம்பாதிச்சது. இன்னிக்குன்னே ஆறு மாசமா தொடாம வெச்சிருந்தேன்."

நகத்தால் ஒருமுறை சுரண்டினாள். இன்னொரு முறை சுரண்டினாள். நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். தலை எண்ணெய் நெற்றியில் வழிந்துகொண்டிருந்தது. இழுப்பறையைத் திறந்து ஐந்து இருபதுகளை எடுத்து நீட்டினாள்.

"நல்ல நோட்டு."

பெரிய நோட்டு கொடுப்பவர் பெயர், அடையாள அட்டை எண், போன் நம்பர் எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட ஒரு புத்தகம் அங்கே கயிற்றில் தொங்கும். கூடப்பிறந்த அண்ணனே ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டும். அமாதேயோ தானாகவே பேனாவை எடுத்தான். அவள் புத்தகத்தை மூடினாள்.

"வேணாம். போ, நேரமாச்சு."

"ஓஹோ! காதல் வந்ததும் சட்டமெல்லாம் காத்துல போச்சு!" என்று தெல்ஃபினா கூவ, வாசலே சிரித்தது.

நான் மட்டும் சிரிக்கவில்லை. நோட்டு கெட்டதாகிப் போனால் ஆளைத் தேடிப் பிடிக்கத்தான் அந்தப் புத்தகம். தேடப்போவதே இல்லை என்று முடிவு செய்தவள்தான் எழுத வேண்டாம் என்பாள். கூட்டம் கலைந்ததும் உள்ளே போய்க் கையை நீட்டினேன். நோட்டை எடுத்துக் கொடுத்தாள். காலரைச் சுரண்டினேன். என் மாவுப் பலகை மாதிரி வழுவழுவென்றிருந்தது.

"அடிப்பாவி, கள்ள நோட்டுடீ!"

"கத்தாத."

"நூறு டாலர்டீ!"

"இத்தனை பேர் முன்னாடி ஓட்டை போட்டுக் குடுத்திருந்தா, வெட்கத்துல வேனை எடுத்துட்டுப் போயிருப்பான். அப்புறம் இந்தத் தெருப் பக்கமே தலைகாட்ட மாட்டான். உனக்கு அவனைத் தெரியாதா?"

நோட்டைச் சுக்குநூறாகக் கிழித்துக் கடைப் பின்கட்டு அடுப்பில் போட்டாள். வேறு யார் தலையிலும் அதைக் கட்ட அவளுக்கு மனசில்லை. எனக்கு அவள் மேல் கோபம் கோபமாக வந்தது. நானாயிருந்தால் ஓட்டைதான் போட்டிருப்பேன், அதுவும் இரண்டாக.

பன்னிரண்டு அடிக்கக் கூடை வந்து சேர்ந்தது. அம்மா கதவை முழுசாகத் திறந்து, உட்காரச் சொல்லி, முதல் கோப்பை சாராயத்தையும் தன் கையாலேயே ஊற்றிக் கொடுத்தாள். பெண் வீட்டுப் பக்கம் நானும் உட்கார்ந்திருந்தேன். சாராயம் உள்ளே போனதும் அமாதேயோவுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

"ஊரே சந்தேகப்பட்டுச்சு அத்தே! நான் அந்தாள்கிட்ட வாங்கும்போதே நல்லா தடவிப் பார்த்துத்தான் வாங்கினேன். கள்ள நோட்டைக் குடுத்து என்னை ஏமாத்த முடியுமா?"

எனக்கு வாயில் இருந்த உருளைக்கிழங்கு இறங்கவில்லை. எர்லிந்தா கினிப்பன்றியின் பெரிய தொடையாகப் பார்த்து எடுத்து அவன் தட்டில் வைத்தாள்.

"யாராலயும் முடியாது. சாப்பிடு" என்றாள்.